சைகோன் தங்க மீனும் கோயில் குளத்து மீனும்

எனக்கு எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றுக்குப் போய்விடுவேன். வருஷம், மாசம் எல்லாம் மறந்துபோகிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்தது கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். என் ஆயுசில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு காரியம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போக மனசில்லை.

ஒத்துப்போகாத இரண்டு வகை மீன்களை ஒரே கண்ணாடித் தொட்டியில் வருஷக்கணக்காக உயிரோடு வைத்திருந்தேன். அதுதான் அந்தக் காரியம்.

நான் வாழ்க்கைப்பட்ட வீடு வில்லியனூருக்குக் கொஞ்சம் தள்ளி, கரும்பும் நெல்லும் விளைகிற ஊரில். எங்கள் ஊரையும், வியட்நாம் பக்கத்துச் சைகோனையும் பிரஞ்சுக்காரன் ஆண்ட காலம். என் வீட்டுக்காரர் சைகோன் மார்க்கெட்டில் கடைக்காரர்களிடம் வரி தண்டுகிற வேலையில் இருந்தார். எங்கள் பக்கத்தில் அப்போது சைகோன் போகாத குடும்பம் குறைவு. கல்யாணத்துக்காக லீவில் வந்தவர், நீலப் பூப் போட்ட ஒரு சீன ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்கினார். அதற்குள் மூன்று தங்க மீன்கள். கப்பலில் தனக்குக் கிடைத்த குடிதண்ணீரில் பாதியை ஜாடிக்கு ஊற்றி ஊற்றிக் கொண்டுவந்தாராம்.

அதுவரை யாரையும் கிட்டே விடாத ஜாடியை, நான் மருமகளாக உள்ளே வந்த அன்றைக்குத்தான் முற்றத்தில் வைத்தார்; எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். உருண்டை வயிறு, பிதுங்கின கண், அவிழ்த்துவிட்ட முந்தானை மாதிரி வால். என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, வாயாடி. குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, மீனுக்கு யாரு பாவாட தச்சிப் போட்டது?" என்றாள்.

மாமியார், "கொழம்புக்கு ஆவுமாடா?" என்று கேட்டார்.

"யம்மா, இது திங்கறதுக்கு இல்ல. பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்கா? அதுக்குத்தான மருமவள கொண்டாந்து வெச்சிக்கிறேன்!"

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

புதுச்சேரியில், சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை என் வீட்டுக்காரர் எடுத்து வந்தார். நல்ல நீளம், ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கலாம். முற்றத்தை ஒட்டி, கூடத்தில், ஒரு முனை சமையல்கட்டுச் சுவரைத் தொடுகிற மாதிரி வைத்தார்கள். அப்படி வைத்தது யோசித்து வைத்ததல்ல, வேறு இடம் இல்லை. பின்னால் அதுவே எனக்குக் கைகொடுத்தது.

லீவு முடிந்து அவர் புறப்படும்போது என்னிடம் தனியாகச் சொன்னது மீனைப் பற்றித்தான். கிணற்றுத் தண்ணீரை இறைத்ததும் ஊற்றக்கூடாது, பானையில் ஒரு நாள் ஆறவிட வேண்டும். எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றக்கூடாது. கொஞ்சமாகத் தீனி போட வேண்டும். "இது குளுந்த தண்ணி மீனு. சூடு ஆவாது. பாத்துக்கோ" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த வீட்டில் என்னை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அதுதான். நெல் குதிரின் சாவி மாமியார் இடுப்பில், பால் பானை ஓரகத்தி கையில். எனக்கு மீன் தொட்டி.

அவர் போய்க் கொஞ்ச காலத்தில் உலகச் சண்டை வந்தது. முதலில் அங்கிருந்து தகவல் வருவது குறைந்தது. பிறகு கப்பல் நின்றது. பிறகு ஒன்றுமே இல்லை. ஊரில் சைகோனில் ஆள் இருந்த எல்லா வீட்டிலும் அதே கதைதான்.

மாமியார் அப்போதுதான் அந்த வழக்கத்தை ஆரம்பித்தார். பல் விளக்கினதும் நேரே தொட்டிக்கு வருவார். மூன்றும் ஓடினால், "எம் புள்ள நல்லாருக்கான்" என்று சொல்லிவிட்டுத்தான் நீராகாரம் குடிப்பார். ஒன்று கொஞ்சம் சோர்ந்து நின்றால், அன்றைக்கு முழுக்க, "அவனுக்கு உடம்பு சொகமில்ல போல" என்பார். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. தகவல் வராத வீட்டில் ஏதாவது ஒன்று தகவல் சொல்ல வேண்டுமே. அவரும் சின்ன வயசில் புருஷனைப் பறிகொடுத்தவர்.

மீன் என்றால் ஒரு நாள் சாகும். என் பொறுப்பில் இருக்கிற இது செத்தால் அந்த அம்மாள் என்ன ஆவார், என்னை என்ன செய்வார்கள் என்று நினைத்து ராத்திரியில்கூட எழுந்துபோய்த் தொட்டியைப் பார்ப்பேன்.

அதோடு மாமியாருக்கு ஒரு வேண்டுதல். மகன் திரும்பி வருகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் வில்லியனூர் கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவதாக வேண்டிக்கொண்டார். நடந்தே போவோம். பொரி விழுந்ததும் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன்கள் மேலே வரும். அவர் முகமும் கொஞ்சம் தெளியும்.

ஒரு கோடை மிகவும் கடுமை. குளம் வற்றி, நடுவில் சேற்றுக் குட்டையாகிவிட்டது. அதில் மீன்கள் மூச்சுமுட்டிப் புரண்டன. ஊரார் குடத்தில் அள்ளிக் கிணறுகளில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வீட்டில் வேலை. மாமியார் மட்டும் போயிருந்தார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தால், அவர் ஒரு பித்தளைத் தவலையைக் கண்ணாடித் தொட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார். கலங்கல் தண்ணீரோடு குளத்து மீன்கள் உள்ளே விழுகின்றன.

"அத்த! இன்னாத்த இது?"

"சாமி மீனு. கொளம் காஞ்சா வேண்டுதல் நிக்கலாமா?"

"கொளத்துலதான போடணும்?"

"மீனுக்குப் பொரி போடறன்னுதான் வேண்டிக்கினேன். கொளத்துலதான் போடுவேன்னு சொன்னனா? சாமி என் வூட்டுக்கே வந்துட்டார்னு நெனச்சிக்கோ."

மகனுக்கான மீனும் சாமிக்கான மீனும் ஒரே தண்ணீரில். இரண்டில் எது செத்தாலும் கெட்ட சகுனம். ஒன்று குளிர்ந்த தண்ணீர் மீன். மற்றது வெந்நீர் மாதிரி சுட்ட சேற்றில் பிழைத்து வந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே முதல் விபரீதம். பெரிய தங்க மீன் ஒரு சின்னக் கெண்டைக் குஞ்சை வாயில் பாதி வைத்துக்கொண்டு நீந்தியது. மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஐயோ, எம் புள்ள மீனு சாமி மீன தின்னுடுச்சே! இந்தப் பாவம் யார் தலையிலடி வுடியும்?"

ஓரகத்தி சமையல்கட்டிலிருந்தே குரல் கொடுத்தாள்: "பசிக்குத்தான அத்த துன்னுது! சாமிக்குத் தெரியாதா?"

மறுநாள் குஞ்சுகளையெல்லாம் சல்லடையால் அள்ளிக் கொல்லைக் கிணற்றில் விட்டேன். தங்க மீன் வாயில் அடங்காத மீன் மட்டும்தான் அதனோடு இருக்கலாம் என்று நானாகக் கண்டுகொண்ட முதல் பாடம் அது. மிச்சம் இருந்தவை கொஞ்சம் கெண்டை, பிறகு காசு மாதிரி வட்டமாக, மஞ்சளாக, பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்த மீன்கள். நாங்கள் அவற்றைக் காசு மீன் என்போம்.

கெண்டைகள் சாது. காசு மீன் பொல்லாதது. தங்க மீனுடைய நீளமான வால் அதன் கண்ணை உறுத்தியது போல. பின்னாலேயே போய்க் கொத்தும். சில நாளில் மூன்றுக்கும் வால் கிழிந்த துணி மாதிரி ஆகிவிட்டது. நான் தென்னை ஈர்க்கைச் சீவி, நூலால் நெருக்கிக் கட்டி, ஒரு தட்டி செய்தேன். தொட்டியின் நடுவில் நிறுத்தி இந்தப் பக்கம் தங்க மீன், அந்தப் பக்கம் காசு மீன் என்று பிரித்தேன்.

ஓரகத்தி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "மனுசங்கதான் பாகம் பிரிக்கிறாங்கன்னு பாத்தா, மீனுக்குமாடி தனிக்குடித்தனம்? எனக்கும் ஒரு தட்டி கட்டிக் குடேன், ஒம் மூத்தார, அதான் எம் புருசன, அந்தாண்ட தள்ளி வுடறேன்."

மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை. "எம் புள்ளைக்கும் சாமிக்கும் நடுவுல நீ யாருடி வேலி போடறது? ஒரே தண்ணில, ஒரே பொரிய துன்னட்டும்" என்று தட்டியை உருவி எறிந்துவிட்டார்.

நான் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்து, கீரை ஆய்கிறபோதும் அரிசி புடைக்கிறபோதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். காசு மீன் சும்மா கொத்தவில்லை. அதற்கு ஒரு இடம் வேண்டும். இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு மூலை. வெறும் தொட்டியில் மூலை ஏது? முழுத் தொட்டியும் தன்னுடையது என்று நினைத்துவிட்டது. விரிசல் விட்ட ஒரு பானையை உடைத்து, ஓட்டுத் துண்டுகளைக் கூர் மழுங்கத் தேய்த்து, சமையல்கட்டுப் பக்க முனையில் சாய்த்துச் சாய்த்து வைத்தேன். காசு மீன்கள் ஆளுக்கொரு ஓட்டைப் பிடித்துக்கொண்டன. தன் வாசலுக்கு வருகிறவனோடுதான் சண்டை. தங்க மீன்கள் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டன. புது வால் வளர்ந்தது. வேலி இல்லாமலே பிரித்துவிட்டேன், மாமியாருக்கும் குறை இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை, நானே சிரித்துக்கொண்டேன்.

வெயில்தான் பெரிய பாடு. மதியத்தில் தங்க மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறக்கும். முற்றத்துப் பக்க முனையில் கோணிச் சாக்கை மடித்துக் கண்ணாடிமேல் போர்த்தி, அது காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பேன். காற்று பட்டால் அந்தப் பக்கம் குளுகுளுவென்று இருக்கும். தங்க மீன்கள் அங்கே ஒண்டிக்கொள்ளும். சமையல்கட்டுச் சுவர் ஓரம் எப்போதும் ஒரு கதகதப்பு. காசு மீனுக்கு அது சொர்க்கம். தண்ணீர் ஒன்றுதான். ஆனாலும் இந்த முனையில் ஒரு கை, அந்த முனையில் ஒரு கை விட்டுப் பார்த்தால் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். அந்தக் கொஞ்சம்தான் அவற்றைக் காப்பாற்றியது.

மார்கழியில் கதை தலைகீழ். தங்க மீன்கள் குதித்து விளையாடும். காசு மீன்கள் நிறம் வெளுத்து ஓட்டுக்கடியில் படுத்துவிடும். சாக்கை எடுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் தொட்டியின் வாயைப் பலகையால் மூடி, மேலே வைக்கோல் பரப்புவேன். சமைத்து முடித்த அடுப்புச் சாம்பலைச் சட்டியில் வாரி, கண்ணாடியில் படாமல் ஒரு சாண் தள்ளி வைப்பேன். "பொறந்த புள்ளைக்குக்கூட இவ்ளோ செய்ய மாட்டாங்க" என்பாள் ஓரகத்தி. சொல்லிவிட்டுச் சாம்பலை அவளே அள்ளிக்கொண்டு வந்து வைப்பாள்.

மழை பெய்து குளம் நிரம்பினதும், சாமி மீனைத் திருப்பி விட்டுவிடலாமே என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "சேந்து இருக்கறதுங்கள பிரிச்சா அவன் வர்றது தள்ளிப் போவும்" என்று சொல்லிவிட்டார் மாமியார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பொரி எங்கள் வீட்டிலேயே.

பொரியில் இருக்கிற ஆபத்து எனக்குத் தெரிந்துதான் இருந்தது. காய்ந்த பொரி மிதக்கும். தங்க மீன் மேலே வந்து காற்றோடு சேர்த்து விழுங்கும். பிறகு அது வயிற்றுக்குள் ஊறி உப்பும். நனைத்துப் போடலாம் அத்தை என்றால், "நனஞ்ச பொரிய சாமிக்குப் போடுவாங்களா?" என்பார். அதனால் அவர் கொஞ்சம் திரும்பினதும் மிச்சத்தை அரித்து எடுத்துவிடுவேன்.

அப்படி வருஷங்கள் போயின. ஒரு அறுப்பு முடிந்த சமயம், மாமனாருடைய தம்பி, எனக்குச் சின்ன மாமா, இரண்டு பங்காளிகளோடு வந்தார். ரங்கூனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த ஒருவன், சைகோனில் மார்க்கெட்டே எரிந்து போச்சு என்று அங்கே கேள்விப்பட்டதாகச் சொன்னானாம். "இத்தன வருசமா ஒரு தகவலும் இல்ல அண்ணி. ஒரு நாளு பாத்து காரியத்த பண்ணிடறதுதான் மொற. அவன் ஆவிய அலைய வுடக்கூடாது" என்றார்.

காரியம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் நெற்றியும் கழுத்தும் வெறுமையாகும்.

மாமியார் எழுந்து போய்ப் பொரி எடுத்து வந்தார். அன்று வெள்ளிக்கிழமைதான். கை நிறைய, கை நிறைய, தொட்டியில் கொட்டினார். நான் அவர்கள் முன்னால் போய் அரித்தெடுக்க முடியாமல் கதவோரம் நின்றேன். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள், மூன்றில் பெரிய மீன் வயிறு மேலாகப் புரண்டு மிதந்தது.

மாமியார் பார்த்தார். சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "போய்ட்டானே" என்றார். சின்ன மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். ஓரகத்தி, சிரிப்பதைத் தவிர வேறு தெரியாத ஓரகத்தி, ஓவென்று குரலெடுத்தாள்.

நான் எப்படி அங்கே போனேன் என்று எனக்கே தெரியாது. தொட்டிக்குள் கையை விட்டு, மீனை உள்ளங்கையில் ஏந்தி, தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு பேசினேன். ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் நான் பேசின முதல் பேச்சு அது.

"செத்துப் போவல. செவுளு ஆடுது, வந்து பாருங்க. பொரி துன்னு வயிறு ஊதிப் போச்சி, அவ்ளோதான். நாளைக்கே செத்துப் போனாலும் அது பொரியால சாவும், இல்ல சூட்டால சாவும், இல்ல என் கைத்தப்பால சாவும். அவரு உசுரு மீன் வயித்துலயா இருக்குது? தகவல் வரட்டும். அது வரைக்கும் நான் எதையும் கழட்ட மாட்டேன்."

சின்ன மாமா என்னைக் காட்டி, "இன்னா அண்ணி, இது பேசுமா?" என்று கேட்டார்.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "பேசும். அது சொல்றதுதான் சரி. எம் மருமவ பொட்டு மேல யாரும் கை வெக்க வேணாம். நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

அந்த மீனை அகலமான மண்சட்டியில் தனியாக வைத்துப் பட்டினி போட்டேன். பிறகு பச்சைப் பயறை நன்றாக வேகவைத்து, தோலை நீக்கி, ஊசி முனை அளவு கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தேன். மெல்ல நிமிர்ந்தது. திரும்பத் தொட்டியில் விட்டபோது மாமியார் பக்கத்தில் நின்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அவரே ஒரு கிண்ணத்தில் பொரியை ஊறவைத்து எடுத்து வந்தார். "ஊறுனது போதுமா, பாரு" என்று என்னிடம் நீட்டினார்.

அந்தப் பெரிய மீன் அதற்கப்புறமும் நெடுநாள் இருந்தது. கடைசியில் ஒரு மழைக்காலத்தில், வயசாகி, தானாகவே செத்தது. காலையில் முதலில் பார்த்தவர் மாமியார். நான் ஓடி வருவதற்குள் அதை எடுத்துச் செம்பருத்திச் செடியடியில் புதைத்துவிட்டு மண் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "வயசாயிடுச்சி, போய்டுச்சி. நீ இன்னா பண்ணுவ? போய் மீதி ரெண்டுக்கும் தண்ணி மாத்து" என்றார். பிறகு உட்கார்ந்து நீராகாரம் குடித்தார். நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். மீனுக்காக அழவில்லை.

சண்டை ஓய்ந்து, கப்பல் ஓட ஆரம்பித்த பிறகு என் வீட்டுக்காரர் வந்தார். வில்லியனூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தார். கன்னம் ஒட்டி, முடி நரைத்து, யாரோ மாதிரி இருந்தார். அழுகை, கும்பிடு, திருஷ்டி எல்லாம் முடிந்து கூடத்தில் உட்கார்ந்தவர் தொட்டியைப் பார்த்தார். தங்க மீன் இரண்டும் இந்த முனையில்; அந்த முனையில் காசு மீன்கள் குஞ்சு பொரித்து, ஓட்டு வாசலில் காவல் நின்றன.

"இது ரெண்டும் ஒண்ணா இருக்காதே! ஒண்ணு குளுருக்கு, ஒண்ணு சூட்டுக்கு. யாரு இதுல போட்டது?" என்று கேட்டார்.

"போட்டது நானு. சாவாம வெச்சிருந்தது அவ" என்றார் மாமியார்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் போகவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் மீன் வளர்க்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால், நான் காசு மீன் என்று சொல்வது எது, பயறு கொடுத்தால் மீனின் வயிற்று உப்பசம் இறங்குவது உண்மைதானா என்று சரிபார்த்துச் சொல்ல வேண்டும். வில்லியனூர்க் குளம் அப்படி வற்றினது சைகோன் கப்பல் நின்றதற்கு அடுத்த கோடையா, அதற்கும் அடுத்ததா என்பதும் எனக்குக் குழப்பம். அந்த ஊர்ப் பெரியவர்கள் யாரையாவது கேட்டு, தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள்.